நம்ம ஊர் வெயிலுக்கு எந்த இன்ஜின் ஆயில்?

அவிநாசியிலிருந்து திருப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வர எனக்கு ஒரு சின்ன பெட்ரோல் கார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில், "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானுங்க அக்கா நிக்கும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். நானும் சரியென்று வந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தலைப்பகுதியில் டிக்டிக்கென்று சத்தம், நாலைந்து விநாடிக்கு. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 16க்கு இறங்கியது. அப்புறம்தான் டேஷ்போர்டில் கிடந்த கையேட்டைப் பிரித்தேன். 5டபிள்யூ-30 என்று தெளிவாகப் போட்டிருந்தது.

முன்னால் வரும் 5டபிள்யூ, ஆயில் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. டபிள்யூ என்றால் வின்டர். பின்னால் வரும் 30, 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டி என்பதற்கு. ஈரோட்டில் மே மாத வெயில் 40 டிகிரி அடித்தாலும், ஊட்டியில் உறைபனி விழுந்தாலும், ஓடிச் சூடேறிய இன்ஜினைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். அந்தச் சூட்டுக்குக் கணக்குப் பார்த்துத்தான் பேரிங்கின் இடைவெளியையே விட்டிருக்கிறார்கள், மயிரிழை அளவுக்கு. வெயிலைக் காட்டி யாராவது கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். சில கையேடுகளில் இரண்டு மூன்று கிரேடு இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைய அடிக்கடி ஏறுகிறவர்கள் அதற்குள் கெட்டியானதை எடுக்கலாம்.

அடுத்து, கேனில் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏபிஐ எழுத்தைப் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கு எஸ்என் கேட்டிருந்தால் அதற்குப் பின் வந்த எஸ்பி தாராளமாக ஊற்றலாம். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் அதற்கு ஆகும். அந்த வகையில் சி2, சி3 என்று கையேடு எதைச் சொல்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். மாற்றி ஊற்றினால் டிபிஎஃப் நாளாக ஆக அடைத்துக்கொள்ளும், செலவும் பெரிது.

கேனின் சீலை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரையும் ஆயிலை வடிக்கக் கழற்றும் சம்ப் நட்டின் வாஷரையும் கூடவே மாற்றிவிட வேண்டும். ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, மேல் புள்ளியை ஒட்டி ஆயில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினாலும் கெடுதல்தான், கொஞ்சம் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

என் வண்டிக்கு ஆயில் மாற்றுவது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் மட்டும் போகிற வண்டி 3,000 ஓடியிருந்தாலும் வருடம் முடிந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

வடித்த ஆயிலை வாய்க்கால் ஓரத்தில் கொட்டிவிடாதீர்கள், கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் இறங்கும். நான் காலி கேனிலேயே பிடித்து மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். அவரிடம் மொத்தமாக எடுத்துப் போக ஆள் வருகிறார்.