இரைச்சலுக்குள் ஒளிந்த படிகளைப் பிடிப்பது எப்படி?

சென்சார் தரவை வரைந்து பார்த்தால் கோடு நடுங்கிக்கொண்டே போகும். சில இடங்களில் மட்டும் சராசரியே படிபோலச் சட்டென்று மாறியிருக்கும். அந்த இடங்களைக் கண்டுபிடிக்க நகரும் சராசரியை நாடாதீர்கள். அது இரைச்சலோடு படியையும் மழுக்கிவிடும். என் தேர்வு பெல்ட் (PELT): கில்லிக், ஃபியர்ன்ஹெட், எக்லி மூவரும் 2012இல் வெளியிட்ட முறை.

தரவைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அபராதம். மொத்தம் மிகக் குறைவாக வரும் வெட்டுகளே விடை. இனி ஜெயிக்கவே முடியாத வெட்டுப்புள்ளிகளை பெல்ட் போகப்போகக் கழித்துக்கட்டிவிடும். வேகம் அதில்தான், விடை மாறாது.

பைத்தானில் ரப்ச்சர்ஸ் (ruptures) நிரலகத்தை நிறுவி, எல்2 மாதிரியோடு (மேலே சொன்ன வர்க்கக் கூட்டல்தான் அது) பெல்ட்டை அழையுங்கள். 'ஜம்ப்' தானாக 5 என்று இருக்கும். அப்படியே விட்டால் வெட்டுகள் 5இன் மடங்குகளில் மட்டுமே விழும். 1 ஆக்குங்கள்.

சரி, 'பென்' மதிப்பு, அதாவது ஒரு வெட்டுக்கான அபராதம்? எல்லோரும் வழுக்குவது இங்கேதான். குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடாதீர்கள். 2 × இரைச்சலின் வர்க்கம் × புள்ளிகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கை: இதிலிருந்து தொடங்குங்கள். இரைச்சல் என்றால் மொத்தத் தரவின் திட்ட விலக்கம் அல்ல. அதில் படிகளின் உயரமும் கலந்திருக்கும். அடுத்தடுத்த புள்ளிகளின் வித்தியாசங்களை எடுத்து, குறியை நீக்கி, இடைநிலை அளவை 0.954ஆல் வகுத்தால் போதும்.

1000 புள்ளிகள், பாதி 20ஐச் சுற்றி, பாதி 26ஐச் சுற்றி, இரைச்சல் 0.5 என்று வையுங்கள். சரியான அபராதம் சுமார் 3.5. மொத்தத் திட்ட விலக்கத்தைப் போட்டால் சுமார் 128! பெரிய படி இரண்டிலும் சிக்கும். ஆனால் ஒரு பாதியின் நடுவே 40 புள்ளிகளுக்கு 1 அலகு உயரும் சின்ன மேடு? அதைப் பிரித்தால் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய 37. இரண்டு வெட்டுக்கு அபராதம் 256. மேடு காணாமல் போய்விடும்.

விடைப்பட்டியலின் கடைசி எண் தரவின் நீளம்தான், வெட்டு அல்ல. ஜம்ப் 1இல் மெதுவாக ஓடினால் அதே நிரலகத்தின் கெர்னல்சிபிடியை (KernelCPD) 'லீனியர்' கெர்னலோடு பயன்படுத்துங்கள். சி மொழியில் எழுதப்பட்டது, நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: "எல்லா இடத்திலும் வெட்டு விழுகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். சென்சார் முழு எண்களாகவே தந்தால் பாதிக்கு மேல் வித்தியாசங்கள் 0 ஆகலாம். இடைநிலை அளவும் 0, அபராதமும் 0. அப்போது வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.414ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் அடுத்தடுத்த இரைச்சல்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கலாம். சில புள்ளிகளுக்கு ஒன்றாக எடுத்து ஓட்டிப் பாருங்கள்.