பாராசைலீன் டெரிப்தாலிக் அமிலமாவது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மியர்பேங்க் பக்கமிருந்து வேதிப் பொறியியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நம் தென்னாப்பிரிக்க டர்பனில் பெட் (PET, பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பிசின் செய்யும் ஆலை இருக்கிறது. அதற்கு வேண்டிய டெரிப்தாலிக் அமிலம் கப்பலில் வந்து இறங்குகிறது. கையில் பிடிக்கும் கூல்ட்ரிங் பாட்டிலின் பெரும்பகுதி அந்த அமிலத்திலிருந்து வந்ததுதான். அது உருவாகும் விதத்தைக் காகிதத்திலும் கால்குலேட்டரிலும் செய்து பார்ப்போம். வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ முயலக்கூடாது; காரணம் 4-ஆம் படியில் வரும்.

படி 1: சமன்பாடு

பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் இரண்டு மெத்தில் (CH₃) இருந்தால் பாராசைலீன். இரண்டும் கார்பாக்சிலாக (COOH) மாறினால் டெரிப்தாலிக் அமிலம்.

1 பாராசைலீன் + 3 ஆக்சிஜன் → 1 டெரிப்தாலிக் அமிலம் + 2 நீர்

எடையில்: 106 + 96 = 166 + 36. இரு பக்கமும் 202 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 2: 1 டன் அமிலத்துக்கு என்ன வேண்டும்?

பாராசைலீன்: 1000 × 106 ÷ 166 = 639 கிலோ. ஆக்சிஜன்: 1000 × 96 ÷ 166 = 578 கிலோ. ஆலையில் தூய ஆக்சிஜன் தேவையில்லை, காற்றே போதும். காற்றின் எடையில் ஏறக்குறைய 23 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால், குறைந்தது 2.5 டன் காற்று. கூடவே 217 கிலோ நீர் உண்டாகும். மாணவர்கள் மறப்பது இந்த நீரைத்தான். அது கரைப்பானில் சேர்ந்துகொண்டே போனால் வினை மந்தமாகும்; தொடர்ந்து பிரித்தெடுக்க வேண்டும்.

படி 3: வினையூக்கி என்ன செய்கிறது?

இங்கே நிதானமாகப் படியுங்கள். மொத்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

வளையத்தின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறக்குறைய 470 கிலோஜூல் வேண்டும்; மெத்திலில் உள்ளதற்கு 375 அளவே போதும். அதனால் ஆக்சிஜனேற்றம் வளையத்தைத் தொடாமல் மெத்திலைப் பிடிக்கிறது.

முதல் மெத்திலுக்குக் கோபால்ட் உப்பு ஒன்றே போதும். மெத்தில் ஆல்டிஹைடாகி, பிறகு பாராடொலுயிக் அமிலமாகிறது. வினை அங்கேயே நின்றுவிடும். புதிதாக வந்த கார்பாக்சில், எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் எதிர்முனை மெத்தில் முரண்டு பிடிக்கிறது. இதைத் தாண்ட ஒரு சுற்றுவழியும் இருந்தது: டொலுயிக் அமிலத்தை மெத்தனாலோடு எஸ்டராக்கி, மறுபடி ஆக்சிஜனேற்றம் செய்வது. அமெரிக்காவின் மிட்-செஞ்சுரி நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பிரட் சாபரும் ராபர்ட் பார்க்கரும் நேர்வழி கண்டார்கள். கோபால்ட், மாங்கனீசோடு புரோமைடையும் சேர்த்தார்கள். அவர்களுடைய காப்புரிமை 1958-இல் வெளிவந்தது.

கட்டட வேலையில் சாந்துச் சட்டி கைமாறிப் போவதுபோல எலக்ட்ரான் இங்கே கைமாறுகிறது. மூன்று மின்சுமை கொண்ட கோபால்ட் மாங்கனீசிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும். மாங்கனீஸ் அதைப் புரோமைடிடம் பறிக்கும். எலக்ட்ரானை இழந்த புரோமைடு, புரோமின் தனி உறுப்பாகி (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துகள்) மெத்திலின் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். மிஞ்சிய கார்பன் தனி உறுப்போடு ஆக்சிஜன் ஒட்டிப் பெராக்சி தனி உறுப்பாகும். புரோமின் மீண்டும் புரோமைடாகித் திரும்பிவிடும். அதனால்தான் சிறிதளவே போதும். முரண்டு பிடித்த இரண்டாவது மெத்திலும் புரோமினிடம் தப்பாது.

படி 4: கலனின் நிலைமை

கரைப்பான் அசிட்டிக் அமிலம். வெப்பநிலை 175 முதல் 225 டிகிரி செல்சியஸ். அசிட்டிக் அமிலத்தின் கொதிநிலை 118 டிகிரிதான். ஆகவே அதைத் திரவமாக வைத்திருக்க 15 முதல் 30 வளிமண்டல அழுத்தம் தேவை. சூடான அசிட்டிக் அமிலமும் புரோமைடும் சேர்ந்தால் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகையும் அரித்துவிடும் என்பதால் கலனின் உட்புறம் டைட்டானியம்.

ஒரு மோலுக்குச் சுமார் 1360 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். கரைப்பானைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பித்தான் அதை வெளியேற்றுகிறார்கள். மேலே சேரும் வாயுவில் ஆக்சிஜன் அளவு மிக முக்கியம். அது கூடினால் அசிட்டிக் அமில ஆவியோடு சேர்ந்து தீப்பற்றும் கலவையாகும். பொதுவாகக் கன அளவில் 8 விழுக்காட்டைத் தாண்ட விடமாட்டார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வளர்ந்த மியர்பேங்க் பிள்ளைகளுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். தேர்வில் வராவிட்டாலும் இதை மனதில் பதியுங்கள்.

படி 5: சுத்தம் செய்தல்

டெரிப்தாலிக் அமிலம் அசிட்டிக் அமிலத்தில் அவ்வளவாகக் கரையாது. உண்டாக உண்டாகப் படிகமாக இறங்கும். ஒரு மெத்தில் பாதிவழியில் நின்ற கார்பாக்சிபென்சால்டிஹைடும் அதே படிகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு அமில முனை ஒன்றுதான். பாலிமர் சங்கிலியில் சேர்ந்தால் சங்கிலி அங்கேயே முடிந்துவிடும். எனவே படிகத்தை அழுத்தத்தில் உள்ள கொதிநீரில் கரைத்து, பல்லேடியம் பூசிய கார்பன் மீது ஹைட்ரஜனோடு செலுத்துகிறார்கள். மாசு டொலுயிக் அமிலமாகி நீரிலேயே தங்கிவிடும்.

படி 6: நீங்களே செய்யுங்கள்

பெட்டின் ஓர் அலகு எடை 192. அதற்கு 166 எடை அமிலம் வேண்டும். 50 கிராம் பாட்டிலுக்கு எவ்வளவு பாராசைலீன்? முதலில் 43 கிராம் அமிலம், அதிலிருந்து 27.6 கிராம் பாராசைலீன் என்று வர வேண்டும்.

அடுத்து டொலுயீன். ஒரே மெத்தில் என்பதால் புரோமைடு வேண்டாம், கோபால்ட் போதும். கிடைப்பது பென்சாயிக் அமிலம். 92 + 48 = 122 + 18. 100 கிலோ டொலுயீனுக்கு 132.6 கிலோ வந்தால் உங்கள் கணக்கு சரி.