பிராக்மா பேக் போட்டும் ஸ்ட்ரக்ச்சர் ஏன் பொருந்தவில்லை?

லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் கொண்டு தொகுத்தபோது ஒழுங்காக ஓடிய சி நிரல், விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கம்பைலருக்கு மாறியதும் கோப்பிலிருந்து தாறுமாறான மதிப்புகளைப் படிக்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கோப்பின் பைட்டுகளை அப்படியே ஒரு ஸ்ட்ரக்ச்சருக்குள் (பல உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் வகை) வாங்கும் வரியைத்தான். உறுப்புகள் எழுதிய வரிசையில்தான் நினைவகத்தில் அமையும் என்று சி தரநிலை உறுதியளிக்கிறது. இடையில் எத்தனை வெற்றுப் பைட்டுகள் விழும் என்பதை மட்டும் கம்பைலரிடமே விட்டுவிடுகிறது.

படி 1: அளந்து பாருங்கள்

சார், இன்ட், ஷார்ட் என்ற வரிசையில் மூன்று உறுப்புகளை வைத்தால், கூட்டுத்தொகை 7 பைட்டாக இருந்தும், அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் பெரும்பாலும் 12 என்றே காட்டும். இன்ட் 4-இன் மடங்கான முகவரியில் தொடங்க வேண்டியிருப்பதால் சாருக்குப் பின் 3 பைட்டும், அணியில் அடுத்து வரும் ஸ்ட்ரக்ச்சருக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பதால் இறுதியில் 2 பைட்டும் பேடிங்காக, அதாவது வெற்றுப் பைட்டுகளாகச் சேர்கின்றன. லாங் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது 64-பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட்.

படி 2: பேடிங்கை நீக்குங்கள்

ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் மூன்று கம்பைலர்களுமே பேடிங்கைக் கட்டுப்படுத்தும் பிராக்மா பேக் கட்டளையை ஏற்கின்றன. புஷ் கொடுத்துப் பழைய அமைப்பைச் சேமித்து அளவை 1 ஆக்கி, ஸ்ட்ரக்ச்சர் முடிந்ததும் அதை மீட்கப் பாப் கொடுங்கள். பாப் விடுபட்டால், அதன்பின் சேர்க்கப்படும் ஹெடர்களின் ஸ்ட்ரக்ச்சர்களும் சத்தமில்லாமல் சுருங்கிவிடும்.

படி 3: பிட்ஃபீல்டைத் தனியாகச் சோதியுங்கள்

பலர் படி 2-உடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையான தலைவலி, உறுப்புக்கு இத்தனை பிட் என்று இடம் ஒதுக்கும் பிட்ஃபீல்டில்தான் இருக்கிறது. அன்சைன்டு சார் வகையில் 4 பிட், அடுத்து அன்சைன்டு இன்ட் வகையில் 12 பிட் என்று அறிவித்துப் பாருங்கள். எக்ஸ்86 லினக்ஸில் ஜிசிசி இரண்டையும் ஒட்டி அடுக்குவதால் ஸ்ட்ரக்ச்சரின் அளவு 4 பைட். மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ அடிப்படை வகையின் அளவு மாறியதுமே புதிய அலகைத் தொடங்குவதால் 8 பைட். இதே ஸ்ட்ரக்ச்சருக்குப் பிராக்மா பேக் 1 கொடுத்தால் முன்னதில் 2, பின்னதில் 5. அதாவது, பேடிங் போகிறதே தவிர, பிட்டுகளை அடுக்கும் முறை மாறுவதில்லை. இரண்டு புலங்களையும் அன்சைன்டு ஷார்ட் என்ற ஒரே வகையில் அறிவித்தால் இந்த வேறுபாடு மறையும். ஆயினும் முதல் புலம் அலகின் எந்த முனையில் தொடங்கும் என்பது அப்போதும் கம்பைலரின் முடிவே. வெறும் இன்ட் என்று எழுதுவதும் வம்புதான்: 1 பிட் புலத்தில் 1 இட்டுத் திரும்பப் படித்தால், அதைக் குறியுள்ள எண்ணாகக் கருதும் ஜிசிசியில் -1 கிடைக்கும்.

படி 4: எல்லையைத் தாண்டும் தரவைப் பைட்டாகவே கையாளுங்கள்

நிரலுக்குள்ளேயே புழங்கும் ஸ்ட்ரக்ச்சரில் பிட்ஃபீல்ட் இருந்துவிட்டுப் போகட்டும். கோப்புக்கோ வலையமைப்புக்கோ போகும் தரவை மட்டும் அன்சைன்டு சார் அணியில் வாங்கிப் பிரித்தெடுங்கள். ஜிசிசி எழுதிய மேற்கண்ட 2 பைட் வடிவத்தில், முதல் பைட்டை 15-உடன் அண்ட் செய்தால் 4 பிட் புலம் கிடைக்கும். முதல் பைட்டை 4 இடம் வலப்புறமும் இரண்டாம் பைட்டை 4 இடம் இடப்புறமும் நகர்த்தி ஆர் செய்தால் 12 பிட் புலம் கிடைக்கும். பழைய ஸ்ட்ரக்ச்சர்களை உடனே மாற்ற இயலாத இடங்களில், சி11 தரநிலை தந்த, தொகுக்கும்போதே நிபந்தனையைச் சரிபார்க்கும் ஸ்டாட்டிக் அசர்ட் கொண்டு சைஸ்ஆஃப் மதிப்பையும், உறுப்பு தொடங்கும் இடத்தைச் சொல்லும் ஆஃப்செட்ஆஃப் மதிப்பையும் பூட்டிவிடுங்கள். ஆஃப்செட்ஆஃப் பிட்ஃபீல்டுக்குச் செல்லாது என்பதால், அவற்றின் அமைப்பை அறிய ஒரு மதிப்பை இட்டு, பைட்டுகளை அச்சிட்டுத்தான் பார்க்க வேண்டும்.