கோட பேரலலா ஓட்டலாமான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

கேட்டகரி தியரின்னாலே (கணக்குல அமைப்புகளையும் அதுங்களுக்கு நடுவுல இருக்குற தொடர்புகளையும் பத்தின பகுதி) பாதி பேரு ஒதுங்கிர்றாங்க, ஆனா டேட்டாவ துண்டு போட்டு ப்ராசஸரோட நாலு கோர்ல ஓட்டப் போறீங்கன்னா மோனாய்ட் (என்னன்னு கீழ சொல்றேன்) மட்டுமாவது கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்கங்க.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி கிலோ மூணு கடைல 400, 600, 900 ரூபான்னு வச்சுக்குவோம். சராசரி 633 சொச்சம். மொத ரெண்டு கடைய ஒரு கோருக்கும் மூணாவத இன்னொரு கோருக்கும் குடுத்து, வர்ற 500க்கும் 900க்கும் மறுபடி சராசரி எடுத்தீங்கன்னா 700னு வந்து நிக்கும், எர்ரரே காட்டாது, தப்பான விடை அப்படியே ரிப்போர்ட்ல போய் உக்காந்துரும். அதனால சராசரிய அனுப்பாம கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் ஜோடியா அனுப்புங்க. (1000, 2), (900, 1), சேத்தா (1900, 3), வகுக்கிறத கடைசில ஒரே தடவை பண்ணுங்க.

பாக்க வேண்டியது ரெண்டு. எப்படி குரூப் பண்ணி சேத்தாலும் அதே விடை வரணும், காலித் துண்டுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கணும், இங்க அது (0, 0). ரெண்டும் இருந்தா மோனாய்ட். வரிசைய மாத்தலாம்னு இது சொல்லல, ஸ்ட்ரிங் ஒட்டுறதும் மோனாய்ட்தான், எந்த கோர் முதல்ல முடிச்சுச்சோ அத முதல்ல ஒட்டுனா எல்லாம் கலைஞ்சிரும். தசம எண்ணுல இன்னும் கவனம் வேணும், பைத்தான்ல 0.1ஐயும் 0.2ஐயும் முதல்ல கூட்டி அப்புறம் 0.3 சேத்துப் பாருங்க 0.6000000000000001, பின்னாடி ரெண்ட முதல்ல கூட்டுனா சுத்தமா 0.6.

1945ல ஐலன்பர்க்கும் மெக்லேனும் கேட்டகரி தியரிய ஆரம்பிச்சு வச்சது டோப்பாலஜி பக்கம், கம்ப்யூட்டருக்காக இல்ல. 1980கள்ல ரிச்சர்ட் பேர்டும் லாம்பர்ட் மீர்டென்ஸும் லிஸ்ட் ப்ரோக்ராம்கள அல்ஜீப்ரா மாதிரி சமன்பாடு போட்டு மாத்துனாங்க, ரெண்டு மேப்ப (லிஸ்ட்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷன போடுறது) ஒரே மேப்பா சேக்குறமே, அது கேட்டகரி தியரில வர்ற ஃபங்க்டர் விதிதான். 1989ல யூஜெனியோ மோஜி, ப்ரோக்ராமோட பக்க விளைவுகள விளக்க கேட்டகரி தியரில இருந்து மோனாட கொண்டாந்தாரு, பிலிப் வாட்லர் அத ஹாஸ்கெல்ங்கிற ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங் மொழி ஆளுங்ககிட்ட சேத்தாரு. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது பெரிய டேட்டாவ நிறைய மெஷின்ல பிரிச்சு ஓட்டுறத பத்தின கூகுளோட 2004 மேப்ரெட்யூஸ் பேப்பர், மேப்பும் ரெட்யூஸும் (எல்லாத்தையும் சேத்து ஒண்ணாக்குறது) லிஸ்ப் மொழில இருந்து எடுத்ததுன்னு அவங்களே சொல்லிட்டு, கம்பைனர் (அந்தந்த மெஷின்லயே முன்கூட்டி கொஞ்சம் சேத்துர்றது) போடணும்னா குரூப்ப மாத்துனாலும் வரிசைய மாத்துனாலும் விடை மாறக்கூடாதுன்னு நிபந்தனையும் வச்சிருக்காங்க.

உங்க ஃபங்ஷன செக் பண்ண ரேண்டம் மதிப்பு குடுத்து டெஸ்ட் பண்ற லைப்ரரி ஹாஸ்கெல்ல குவிக்செக், பைத்தான்ல ஹைப்பாதிஸிஸ் இருக்கு. மூணு ரேண்டம் மதிப்பு வாங்கி ரெண்டு விதமா குரூப் பண்ணி ஒப்பிடுற டெஸ்ட் ஒண்ணு, காலி மதிப்போட சேத்துப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு, இது ரெண்டும் பாஸ் ஆகுற வரைக்கும் த்ரெட் பக்கமே போகாதீங்க.