இதயப் படத்தில் எங்கே பிசகுகிறோம்?

சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞான விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், இதயம் வரும் கேள்வியில் சிவப்புப் பேனைக்கு ஓய்வே கிடையாது. படம் வடிவாகத்தான் இருக்கும். பெயர்கள்தான் இடம் வலம் மாறி நிற்கும். நாம் வரைவது நமக்கு எதிரே முகம் பார்த்து நிற்பவரின் இதயம். அவருடைய வலது, தாளில் நமக்கு இடது பக்கம் வரும். குழப்பம் தீரவில்லையா? படம் வெளியே தெரிய, தாளை உங்கள் நெஞ்சில் வைத்துப் பிடியுங்கள். வலச் சோணையறை, அதாவது வலது மேல் அறை, உங்கள் வலப்பக்கம் வந்துவிடும்.

அடுத்தது, 'நாடியில் சுத்த இரத்தம், நாளத்தில் அசுத்த இரத்தம்' என்ற பாடம். நுரையீரல் நாடிக்கு வந்ததும் இது கவிழ்ந்துவிடும். ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டுபோவது அதுதான். இதயத்தை விட்டுப் போனால் நாடி, இதயத்துக்கு வந்தால் நாளம். அவ்வளவுதான், உள்ளே ஓடும் குருதி எப்படியும் இருக்கட்டும். பாவம், பிள்ளைகளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பேச்சில் நாடி என்றால் முகவாய், வைத்தியரிடம் போனால் நாடித்துடிப்பு. போதாததற்கு யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நாடியைத் தமனி என்றும் நாளத்தைச் சிரை என்றும் சொல்வார்கள். நாடியும் தமனியும் வேறு வேறு குழாய்கள் என்று நினைத்து இரண்டையும் ஒரே படத்தில் குறித்த பிள்ளையையும் கண்டிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனுக்கும் இந்தச் சொல் தலையிடி இருந்திருக்கும்!

நீலக் கலர் பென்சில் செய்த வேலை இன்னொன்று. உடம்பில் எங்கும் நீல இரத்தம் கிடையாது. இரத்தப் பரிசோதனைக்கு முழங்கை மடிப்பில் எடுப்பது நாளத்துக் குருதி; கருஞ்சிவப்பாக இருக்கும். அதில் ஒட்சிசன் தீர்ந்துபோயிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சும்மா இருக்கும் நேரத்தில் முக்கால்வாசி மிச்சமாகத்தான் திரும்பி வருகிறது.

மற்றத் தவறுகளுக்கு நான் வாயால் விளக்குவதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்குவேன். கீறாமல் முழுசாகத் தரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் நாலாக வெட்டிவிடுவார்கள். (வெள்ளிக்கிழமை இந்த வேலை சரிவராது, வீட்டுக்குள் விடமாட்டார்கள்.) கீழே உள்ள இரண்டு இதயவறைகளின் சுவரையும் விரலால் அமத்திப் பார்த்தால் போதும்: வலது தொய்ந்து கொடுக்கும், இடது இறுகிக் கிடக்கும். இடது அதிக இரத்தத்தைத் தள்ளுவதால் என்று உடனே பதில் வரும். பிழை. இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கி ஒரே அளவைத்தான் தள்ளுகின்றன. மனிதரில் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில். வலது இதயவறை அருகில் உள்ள நுரையீரல்களுக்குத் தள்ளுகிறது, இடது இதயவறையோ கால் பெருவிரல் வரைக்கும் தள்ள வேண்டும். அழுத்தம்தான் வேறு: வலதில் சுமார் 25, இடதில் 120 மில்லிமீற்றர் இரசம்.

வெட்டித் திறந்தால் வால்வு ஓரத்தில் தையல் நூல் போல வெள்ளை நாண்கள் தெரியும். அவை இழுத்து வால்வைத் திறக்கின்றன என்று எழுதுவார்கள். தோட்டக் கிணற்றுப் பம்பின் புட்வால்வை யார் இழுத்துத் திறக்கிறார்கள்? தண்ணீர் ஏறும்போது தானாகத் திறக்கும், நின்றால் மூடும். இங்கேயும் அப்படித்தான், குருதியின் அழுத்தமே திறக்கிறது, அதுவே மூடுகிறது. மூடிய இதழ் சோணையறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து வைப்பதுதான் நாணின் வேலை. 'லப் டப்' சத்தமும் வால்வுகள் மூடும்போது வருவது, திறக்கும்போது அல்ல.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: இதயத்துக்குச் சாப்பாடு எங்கிருந்து? உள்ளேதானே நிறைய இரத்தம் இருக்கிறது, சேர் என்பார்கள். பெருநாடியைப் பிளந்து, அரைமதி வால்வுக்குச் சற்று மேலே பார்க்கச் சொல்வேன். ஈர்க்குக் குச்சி நுழையும் அளவில் இரண்டு துளைகள் இருக்கும். முடியுரு நாடிகள் அங்கேதான் தொடங்கி, வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து இதயச் சுவருக்குள் இறங்குகின்றன. மாரடைப்பில் பெரும்பாலும் அடைபடுவது இந்தக் குழாய்களில் ஒன்றுதான். அந்த நேரத்திலும் உள்ளே அறைகள் நிறைய இரத்தம் இருக்கும்.