எஸ்ஸன் விளையாட்டுக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள்கள் நடைபெறும் ‘ஷ்பீல்’ பலகை விளையாட்டுக் கண்காட்சிக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். 1983-இல் சிறிய அளவில் தொடங்கிய இக்கண்காட்சிக்கு 2024-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். கடந்த முறை நெரிசல் மிகுந்த நடைபாதை ஒன்றின் நடுவே ஒரு தமிழ்க் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. பெரியவர்கள் ஐவர், சிறுவர்கள் மூவர். “எல்லாரும் ஒண்ணாவே வாங்க, யாரும் தனியாப் போகக் கூடாது” என்று அவர்களில் மூத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். முதன்முதலாக என் குடும்பத்தை அழைத்துச் சென்றபோது நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான். அந்த நாள் எங்களுக்கு எப்படிப் பாழாயிற்று என்பதை அவரிடம் நின்ற இடத்திலேயே சொல்லி முடிக்க இயலவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வசதியான காலணி, தண்ணீர்க் குப்பி, கைப்பேசிக்கு மின்னேற்றம் ஆகியவற்றை யாரும் சொல்லாமலே நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எட்டுப் பேரும் ஒன்றாகவே சுற்றுவது

இந்தத் தவற்றைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத வேண்டும். ஏனெனில், இன்றும் என்னை வருத்துவது இது ஒன்றே.

குடும்பமாக ஓரிடத்துக்குப் போனால் சேர்ந்தே நடப்பது நமக்கு ஊறிய பழக்கம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் புத்தகக் கண்காட்சியிலும் அதனால் ஒரு குறையும் வருவதில்லை. புத்தகத்தை நின்றபடியே புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அரங்குக்கு நகர்ந்துவிடலாம். பலகை விளையாட்டுக் கண்காட்சி அப்படிப்பட்டதன்று. இங்கே ஒரு பொருளைப் பார்ப்பது என்றால் மேசையில் உட்கார்ந்து அதை ஆடிப் பார்ப்பது என்று பொருள். பெரும்பாலான அரங்குகளில் மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள்தான் இருக்கும். சில மேசைகளில் ஐந்து இருக்கலாம். ஒரு குழு எழுந்தவுடன் அருகில் நிற்கும் குழு உட்கார்ந்துவிடும் என்பதால், இடம் காலியாக இருப்பது சில நொடிகளுக்குத்தான். எட்டுப் பேர் கூட்டத்துக்கு அந்த நொடிகளில் ஒருபோதும் இடம் கிடைக்காது.

எங்கள் முதல் ஆண்டில் என் மனைவி, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், மைத்துனர், அவருடைய மனைவி, அவர்களுடைய மகன், என் அலுவலக நண்பர் ஒருவர், நான் என எட்டுப் பேர் சென்றோம். காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டோம். பதினொன்றரை மணி வரை எந்த மேசையிலும் உட்கார முடியவில்லை. சிறுவர்கள் ஆடக்கூடிய மேசை காலியானால், பெரியவர்கள் பின்தங்கியிருப்பார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் வேறு குடும்பம் அமர்ந்திருக்கும். ஒருவர் கழிப்பறைக்குச் சென்றால் ஏழு பேர் காத்து நின்றோம்.

கடைசியில், மைத்துனர் பல மாதங்களாக எதிர்பார்த்திருந்த ஒரு பெரிய விளையாட்டின் மேசை காலியானது. ஆட்டத்தை விளக்கும் இளைஞர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, நான்கு விரல்களைக் காட்டினார். ஆண்கள் மூவரும் என் மகனும் உட்கார்ந்தோம். மற்ற நால்வரும் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். “கொஞ்ச நேரம்தான்” என்று நான் சொன்னேன். விதிகளை விளக்கவே முப்பத்தைந்து நிமிடங்கள் ஆயின. அதன் பிறகு ஆட்டம் இரண்டு மணி நேரத்தையும் தாண்டியது.

நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என் மகள் தூணில் சாய்ந்து, சுருட்டி வைத்த குளிர் மேற்சட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் மேசையிலிருந்து தவறி விழுந்த மஞ்சள் நிற மரக்கட்டை ஒன்று அவள் கையில் இருந்தது. அதை ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்குத் தாண்ட வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டையை மேசையில் வைத்துவிட்டு, “நாம எப்பப்பா விளையாடுவோம்?” என்று கேட்டாள். அப்போதும் நான் எழவில்லை. அந்த நாளில் நான் செய்த தவறுகளிலேயே பெரிது அதுதான்.

இந்தத் தவறு பணத்தையும் தின்றது. இவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு எழுவது கூடாது என்ற எண்ணத்தில், மைத்துனர் அறுபது யூரோ கொடுத்து அந்த விளையாட்டை வாங்கினார். அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவர் வீட்டில் அதை ஆட நான்கு பேர் ஒருநாளும் சேரவில்லை. எட்டு நுழைவுச்சீட்டுகள், தொடர்வண்டிக் கட்டணம், உணவு என அன்று செலவிட்ட தொகைக்கு, எங்கள் குடும்பத்துப் பெண்களும் இளைய சிறுவர்களும் மாலை வரை ஒரே ஒரு முழு ஆட்டம்கூட ஆடவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து நாங்கள் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்துவிடுகிறோம். ஒவ்வொரு குழுவிலும், ஆட விரும்புகிற, வெறுமனே காவலுக்கு நிற்காத ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். பகல் ஒரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சந்திக்கிறோம். சந்திக்கும் இடத்தை ‘நுழைவாயில்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை, ஏனெனில் அங்கே நுழைவாயில்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. கண்காட்சிக் கூடத்தின் எண்ணையும் அரங்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, சிறுவர்களின் சட்டைப் பைக்குள்ளும் வைத்துவிடுகிறோம். அந்த நெரிசலில் கைப்பேசி அழைப்பு கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

சிறு குழுவுக்கு இன்னொரு நன்மை உண்டு. எந்த மேசை அடுத்துக் காலியாகும் என்பதை நின்று கவனிக்க முடியும். அட்டைக்கட்டு மெலிந்து, பலகையில் காய் வைக்க இடம் குறைந்து, யாரேனும் ஒருவர் மதிப்பெண் தாளைத் தம் பக்கம் இழுத்தால், பத்து நிமிடங்களுக்குள் அவர்கள் எழப்போகிறார்கள் என்று அறியலாம். உட்காருவதற்கு முன் விளக்குபவரிடம், ஆட்டம் முழுதாக எவ்வளவு நேரம் பிடிக்கும், இரண்டு சுற்றுகள் ஆடிவிட்டு எழலாமா என்று கேளுங்கள். எழலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு விளையாட்டு நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இரண்டு சுற்றுகள் போதும். வராத உறவினருக்காக நாற்காலியைப் பிடித்து வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்கும் குடும்பத்திலும் காத்து நின்று களைத்த குழந்தை ஒன்று இருக்கும்.

எட்டுப் பேரும் ஒன்றுகூட வேண்டிய நேரம் மாலை. தங்கும் அறையிலோ வீட்டிலோ உணவு முடிந்த பிறகு, இரு அணிகளாகப் பிரிந்து, ஒருவர் தரும் ஒற்றைச் சொல் குறிப்பிலிருந்து தம் அணிக்குரிய சொற்களைக் கண்டுபிடித்து ஆடும் ‘கோட்நேம்ஸ்’ போன்றவற்றுக்கு எட்டுப் பேர் என்பது மிகப் பொருத்தமான எண்ணிக்கை. சொற்களுக்குப் பதிலாகப் படங்களைக் கொண்ட அதன் பதிப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கான குறிப்புகளைத் தமிழிலேயே சொல்லலாம் என்பதால், ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையும் எவ்வித உதவியுமின்றி ஆடினார்.

பெட்டியின் மேல் உள்ள வயதை அப்படியே நம்புவது

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருள்கள் ‘பொம்மை’ என்ற வகையில் சேர்ந்துவிடும். அவற்றுக்குத் தனியான பாதுகாப்பு விதிகளும் சோதனைகளும் உண்டு. அந்தச் செலவைத் தாங்க இயலாத சிறு பதிப்பகங்கள் பல, பத்து வயதுக் குழந்தை எளிதாக ஆடக்கூடிய விளையாட்டின் மேலும் ‘14+’ என்று அச்சிட்டுவிடுகின்றன. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு விலகிச் செல்லும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறேன். விளக்குபவரிடமே கேளுங்கள், பிள்ளையின் வயதைச் சொன்னால் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். மிகச் சிறிய பிள்ளைகள் காய்களை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் வேறு செய்தி. அதில் எச்சரிக்கையைக் குறைக்கக் கூடாது.

விருது முத்திரையையும் இதே போலப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1979 முதல் வழங்கப்படும் ‘ஷ்பீல் டெஸ் யாரஸ்’, அதாவது ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதின் அடையாளம் சிவப்புக் காய். குழந்தைகளுக்கான விருதுக்கு நீலம். சற்றே பழகியவர்களுக்கு 2011 முதல் வழங்கப்படும் விருதுக்குக் கருஞ்சாம்பல் நிறம். சிவப்புக் காய் இருந்தால் குடும்பம் முழுவதும் ஆடலாம் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். 2024-இல் அவ்விருதைப் பெற்ற ‘ஸ்கை டீம்’, ஒரு விமானத்தைத் தரையிறக்கும் விமானியும் துணை விமானியுமாக இருவர் மட்டுமே ஆடக்கூடியது. மிக நல்ல விளையாட்டுதான்; ஆனால் நால்வர் உள்ள வீட்டில் இருவர் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

விளக்கும்போதே மொழிபெயர்ப்பது

விதிகளை ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகளுக்காக வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்லத் தொடங்கினால், அவர் சொல்வதும் போய்விடும், நாம் சொல்வதும் நிற்காது. ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகள் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்கு விளக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். என் மகன் ஒன்பது வயதில் தன் மாமாவுக்கு ஒரு விளையாட்டின் விதிகளை ஒன்றுவிடாமல் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை செல்வது

செல்லாதீர்கள். விடுப்பு எடுக்க முடிந்தால் வியாழக்கிழமை செல்லுங்கள்.

மொழியைப் பார்க்காமல் வாங்குவது

ஒரே விளையாட்டின் ஜெர்மன் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் ஒரே அரங்கில், ஏறத்தாழ ஒரே அட்டைப்படத்துடன் அடுக்கப்பட்டிருக்கும். பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். காய்களும் நிறங்களும் மட்டுமே உள்ள விளையாட்டென்றால் விதிநூலை மட்டும் வேறு மொழியில் தேடிக்கொள்ளலாம். அட்டைதோறும் எழுத்து இருந்தால் ஊரில் உள்ள உறவினருக்கு அதைப் பரிசாகக் கொடுத்துப் பயனில்லை.

எடையை எண்ணாமல் அடுக்குவது

வழக்கமான பெட்டி ஒன்று ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் சதுரமும் ஏழு சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மூன்று பெட்டிகளை வாங்கிய பிறகு, அவற்றைச் சுமந்தபடி நெரிசலில் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொள்வது கடினம். எனவே முற்பகலில் ஆடுங்கள், விலையைக் குறித்துக்கொள்ளுங்கள், மாலை நான்கு மணிச் சந்திப்பில் எல்லோரும் பேசி முடிவு செய்த பிறகு வாங்குங்கள். மிகவும் எதிர்பார்க்கப்படும் சில புதிய விளையாட்டுகள் அதற்குள் விற்றுத் தீரலாம். அந்த இழப்பை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

விமானத்தில் ஊருக்குக் கொண்டு செல்பவர்கள், பெரிய பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறிய அட்டை விளையாட்டுகள் இரண்டு மூன்றை வைக்கலாம். மரக்காய்களைத் தனித்தனிப் பைகளில் கட்டிவிடுங்கள். பெட்டியின் மூலைகள்தாம் முதலில் நசுங்கும் என்பதால், பயணப்பெட்டியின் ஓரத்தில் வைக்காமல் துணிகளுக்கு நடுவே வைப்பது நல்லது.

கட்டுவதற்கான பொருளை ஞாயிறன்று தேடுவது

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒட்டுநாடாவையும் பைகளையும் சனிக்கிழமை இரவுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.