வீட்டுக்கு வைஃபை பிரிண்டர் வாங்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஜூன் மாசம் ஸ்கூல் திறந்தா போதும், தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கணும், ஸ்கேன் ஜெராக்ஸ் எல்லாம் வரணும், போன்லேந்தே பிரிண்ட் கொடுக்கணும், கம்மி விலைல எது நல்லதுன்னு. மாடல் பேரு சொல்றது பெரிய விஷயமே இல்ல. மாசத்துக்கு எத்தனை பக்கம் எடுப்பீங்க, அதுல கலர் எவ்ளோன்னு திருப்பிக் கேட்டா முக்காவாசி பேர்கிட்ட பதில் இருக்காது. அந்தப் பதில் இல்லாம கடைக்குப் போறதுதான் முதல் தப்பு, மத்த பாதி தப்பு அதுலேந்துதான் வருது.

இருக்குறதுலயே பணத்தை அதிகமா தின்னுற தப்பு, பெட்டி மேல இருக்குற விலையை மட்டும் பாத்து வாங்குறது. நாலாயிரம் ஐயாயிரத்துக்கு வைஃபையோட ஆல் இன் ஒன் கிடைக்குது, சின்னதா அழகா இருக்கும், ஆஃபர்ல இன்னும் கம்மியா வரும். அது கார்ட்ரிட்ஜ் பிரிண்டர், அதாவது மை அடைச்சு வர்ற சின்ன டப்பாவை மாத்தி மாத்திப் போடுற மிஷின். மிஷின் விலைய கம்மியா வச்சு கார்ட்ரிட்ஜ்ல சம்பாதிக்கிற வியாபாரம் அது, ஒளிச்சு வச்ச ரகசியம் எல்லாம் இல்ல, கணக்கு போட்டா நமக்கே தெரியும். எச்பி டெஸ்க்ஜெட்ல போடுற 805 கருப்பு கார்ட்ரிட்ஜுக்கு கம்பெனி சொல்ற கணக்கே சுமார் 120 பக்கம். அதோட விலை கடைக்கு கடை மாறும், 800 ரூபான்னு வச்சுக்கிட்டாலும் ஒரு பக்கத்துக்கு 6 ரூபாய்க்கு மேல வருது, ஜெராக்ஸ் கடைலயே அதை விட கம்மிக்கு எடுத்துடலாம். பாட்டில்லேந்து மையை ஊத்திக்கிற இன்க் டேங்க் பிரிண்டர்ல எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மில்லி, அதுக்கு கம்பெனி கணக்கு 4500 பக்கம், பாட்டில் 400 ரூபான்னு வச்சா பக்கத்துக்கு 10 பைசா கூட ஆகல. 500 ஷீட் பேப்பர் கட்டு 300 ரூபான்னா ஒரு ஷீட் 60 பைசா, அதாவது மையை விட பேப்பருக்குத்தான் செலவு அதிகம்.

டேங்க் மிஷின் 12, 13 ஆயிரத்துலேந்து ஆரம்பிக்கும், கார்ட்ரிட்ஜ் மிஷினை விட சுமார் 8000 ரூபா கூட. பக்கத்துக்கு 6 ரூபாய்க்கு மேல மிச்சமாகுறதால சுமார் 1200, 1300 பக்கத்துல அந்த வித்தியாசம் கழிஞ்சிடும். மாசம் 100 பக்கம் எடுக்குற வீட்டுல ஒரு வருஷத்துல போட்ட காசு வந்துடும். 50 பக்கம்னா ரெண்டு வருஷம். மாசத்துக்கு அஞ்சு பக்கம்தான்னா கார்ட்ரிட்ஜும் வேணாம் டேங்க்கும் வேணாம், பக்கத்துல இருக்குற கடையே போதும். ஆனா ஒண்ணு, ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட்னு எல்லாத்தையும் பிரௌசிங் சென்டர் வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்குறோமே, அந்த ஃபைல் அந்த கம்ப்யூட்டர்லயே கிடக்கும், அதை யாரு எப்ப அழிக்கிறாங்க? அதுக்காகவே வீட்ல ஒரு மிஷின் வேணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அது நியாயமான காரணம்தான், அவங்க பக்கக் கணக்கை மட்டும் பாக்க வேணாம்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க, கம்பெனி சொல்ற பக்கக் கணக்கு ஐஎஸ்ஓங்கற சர்வதேசத் தர அமைப்போட டெஸ்ட் பக்கத்தை வச்சு சொல்றது, வெள்ளை இடம் நிறைய இருக்குற பக்கம். பிள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்கு முழுப் பக்கம் கலர் படம் எடுத்தா அந்தக் கணக்கு நிக்காது. பெட்டியோட வர்ற முதல் செட் மைல ஒரு பங்கு மிஷினுக்குள்ள இருக்குற டியூப் நிரம்பவே போயிடும், அதனால முதல் தடவை சீக்கிரம் குறையுற மாதிரி தெரியும், அதுக்காக மிஷின் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேணாம்.

அடுத்த தப்பு டேங்க் பிரிண்டரை வாங்கி துணி போட்டு மூடி வைக்கிறது. இன்க்ஜெட் ஹெட்ல, அதாவது மையைத் தாள்ல தெளிக்கிற பாகத்துல, கண்ணுக்கே தெரியாத ஓட்டை நூத்துக்கணக்குல இருக்கு, வாரக்கணக்கா ஓடாம இருந்தா மை காஞ்சு அடைச்சுக்கும், அப்புறம் எடுக்குற பக்கத்துல கோடு கோடா விழும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நாலு கலரும் வர்ற மாதிரி ஒரு பக்கம் எடுத்துடுங்க. அடைச்சுக்கிட்டா முதல்ல நாசில் செக்குங்கற சோதனைப் பக்கத்தை எடுத்துப் பாருங்க, அதுல எந்தக் கலர் விடுபடுதுன்னு தெரியும், தேவைன்னா மட்டும் ஹெட் கிளீனிங் கொடுங்க. சும்மா சும்மா கிளீனிங் கொடுத்துக்கிட்டே இருந்தா மை கரையுறது மட்டுமில்ல, அந்த மை எல்லாம் உள்ள இருக்குற வேஸ்ட் இன்க் பேட்ல, அதாவது மையை உறிஞ்சி வச்சுக்கிற பஞ்சுல, போய் சேருது, அது நிரம்பிடுச்சுன்னு மிஷின் கணக்கு பண்ணிட்டா பிரிண்ட்டே எடுக்காம நின்னுடும். சில மாடல்ல அந்தப் பேடை நாமளே கழட்டி புதுசு போட்டுக்கலாம், மெயின்டனன்ஸ் பாக்ஸ்னு தனியா விப்பாங்க, சில மாடல்ல சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இது, ஆனா யாருமே கேக்குறதில்ல.

நம்ம ஊர்ல ஹெட் காஞ்சு அடைச்சுக்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கரண்ட் மிச்சம் பண்ணணும்னு சுவத்துல இருக்குற சுவிட்சையே பொத்துனு ஆஃப் பண்ற பழக்கம். பிரிண்டர்ல இருக்குற பவர் பட்டனை அமுக்கினாத்தான் ஹெட் ஓரமா போய் அதோட மூடி மேல உக்காரும், மூடி இருந்தா காத்து படாது, காயாது. நேரா சுவிட்சை அணைச்சா ஹெட் நடுவழியில மூடி இல்லாம நின்னுடலாம். முதல்ல மிஷின் பட்டன், லைட் அணைஞ்ச அப்புறம் சுவர் சுவிட்ச். வீட்ல எல்லாருக்கும் இதைச் சொல்லி வச்சிடுங்க, முக்கியமா ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுப் படுக்குற பெரியவங்களுக்கு.

எடுக்குறது பூரா கருப்பு எழுத்துதான், கொஸ்டின் பேப்பர், நோட்ஸ், ஃபார்ம், அதுவும் ஒரு மாசம் நிறைய ஒரு மாசம் ஒண்ணுமே இல்லைன்னா லேசர் பாருங்க. அதுல மைக்கு பதிலா டோனர்ங்கற பொடி, காயுற பேச்சே இல்ல, ஆறு மாசம் கழிச்சு ஆன் பண்ணாலும் முதல் பக்கமே நல்லா வரும். விலை டேங்க்கை விட கொஞ்சம் கூட, அந்த விலைல கலர் வராது. லேசர்ல பண்ற தப்பு என்னன்னா ஜெராக்ஸ் கடைல பாத்த மிஷினை அப்படியே வாங்குறது. கேனன் எம்எஃப்3010 நிறைய கடைல ஓடுது, உழைக்கிற மிஷின்தான், ஆனா அதுல வைஃபை கிடையாது, யூஎஸ்பி கேபிள் மட்டும்தான். இன்னொண்ணு, பெட்டியோட வர்ற டோனர் பல மாடல்ல பாதி அளவுதான் இருக்கும், அடுத்த டோனர் விலைய கேட்டுட்டு வாங்குங்க. லேசரை கம்ப்யூட்டரோட சின்ன யூபிஎஸ்ல சொருகாதீங்க, உள்ள இருக்குற ரோலர் சூடாகுறப்ப ஒரேடியா கரண்ட் இழுக்கும், யூபிஎஸ் தாங்காது, நேரா சுவர் பிளக்ல போடுங்க.

இப்ப வைஃபைக்கு வருவோம். ஒரே மாதிரி இருக்குற மிஷின் ரெண்டு, நம்பர்ல ஒண்ணோ ரெண்டோ மாறும், விலை கொஞ்சம் மாறும், ஒண்ணுல வைஃபை இருக்கும் ஒண்ணுல இருக்காது. எப்சன் எல்3210ல இல்ல, எல்3250ல இருக்கு. கேனன் ஜி2010ல இல்ல, ஜி3010ல இருக்கு. எச்பி இன்க் டேங்க் 315ல இல்ல, 415ல இருக்கு. அவசரத்துல ஆர்டர் போட்டுட்டு போன்ல தேடித் தேடி பிரிண்டர் வரலைங்கறவங்க நிறைய பேரு, அதனால மாடல் நம்பரை எழுத்து விடாம படிச்சுப் பாருங்க.

வைஃபை இருக்குற மாடல் வாங்கியும் இணையலைன்னா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான். கம்மி விலை பிரிண்டர்ல பலது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அதுக்குத் தெரியவே தெரியாது. இப்ப ஃபைபர் கனெக்‌ஷனோட வர்ற ரவுட்டர் ரெண்டையும் விடுது, சில வீட்ல ரெண்டுக்கும் ஒரே பேரு. பிரிண்டரை செட் பண்றப்ப மட்டும் போனை 2.4 பேர்ல போட்டுக்கோங்க, ஒரே பேரா இருந்தா ரவுட்டர் செட்டிங்ல போய் பேரைப் பிரிச்சிடுங்க, இல்ல 5ஐ கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க, இணைஞ்ச அப்புறம் போன் எதுல இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். கெஸ்ட் வைஃபைல பிரிண்டரைப் போடாதீங்க, அதுல ஒரு கருவி இன்னொரு கருவியைப் பாக்க முடியாத மாதிரி வச்சிருப்பாங்க. வீட்ல நெட்டே இல்லைன்னாலும் கவலை இல்ல, வைஃபை டைரக்ட் இருக்குற மாடல்ல போனும் பிரிண்டரும் நேரா பேசிக்கும், ரவுட்டர் வேணாம். ஐபோன் வச்சிருக்கீங்கன்னா ஏர்பிரிண்ட் இருக்கான்னு பாருங்க, ஆண்ட்ராய்டுன்னா மோப்ரியா, ரெண்டுமே போன்லேந்து நேரா பிரிண்ட் கொடுக்குற வசதி, இது இருந்தா கம்பெனி ஆப்பை நம்பியே இருக்க வேண்டியதில்ல.

ஸ்பீடு பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. நிமிஷத்துக்கு 33 பக்கம்னு பெட்டில பெருசா போட்டிருக்கும், அது டிராஃப்ட் மோடுல மங்கலா எடுக்குற கணக்கு, அதே எல்3250க்கு ஐஎஸ்ஓ கணக்கு கருப்பு 10, கலர் 5. வீட்டுக்கு அது தாராளம்.

ஸ்கேனர்ல 1200 டிபிஐ 2400 டிபிஐன்னு, அதாவது ஸ்கேன் எவ்ளோ நுணுக்கமா வரும்ங்கற அளவைச் சொல்லி விப்பாங்க, அதையும் விடுங்க, டாக்குமென்ட்டுக்கு 200லேந்து 300 போதும். டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன்ல போட்டோவே 50 கேபிக்குள்ள, கையெழுத்து 20 கேபிக்குள்ள கேக்குறாங்க, பெருசா ஸ்கேன் பண்ணா சுருக்குறதுக்குத்தான் அல்லாடணும். பாக்க வேண்டியது கண்ணாடியோட அளவு. வீட்டு மிஷின்ல கண்ணாடி ஏ4 அளவுதான். கிரயப் பத்திரம் எல்லாம் அதை விட நீளமான தாள்ல இருக்கும், கீழ நாலு வரி வெளிய நின்னுடும், கையெழுத்தும் சாட்சியும் அங்கதான இருக்கு. அடிக்கடி பத்திரம் ஸ்கேன் பண்ற வேலை இருந்தா மேல தாளை உள்ள இழுக்குற ஏடிஎஃப் இருக்குற மாடல், அதுவும் ஏ4ஐ விட நீளமான லீகல் சைஸ் எடுக்குமான்னு கேட்டு வாங்குங்க. பழைய தாளா இருந்தா ஏடிஎஃப்ல விடாதீங்க, கிழிஞ்சா போச்சு. ஆட்டோ டூப்ளெக்ஸ், அதாவது தானே திருப்பி பின்பக்கமும் எடுக்குறது, பிடிஎஃப் புக் எடுக்குற காலேஜ் பசங்க இருக்குற வீட்டுக்கு கட்டாயம் வேணும், மத்தவங்க கையால திருப்பிப் போட்டுக்கலாம், அதுக்குன்னு பல ஆயிரம் கூட கொடுக்க வேணாம். ஆதாரோட ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வர்ற ஐடி காப்பி வசதி சின்ன விஷயம், ஆனா அடிக்கடி உதவும்.

மை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கருப்பு மைல டைன்னு ஒண்ணு, பிக்மென்ட்னு ஒண்ணு. டை மைல தண்ணி பட்டா எழுத்து கரைஞ்சு ஓடும், பிக்மென்ட் பெரும்பாலும் அப்படியே நிக்கும். எப்சன் 003ல கருப்பும் டைதான், கேனன் ஜி வரிசை, எச்பி ஜிடி53, பிரதர் டேங்க் வரிசைல கருப்பு பெரும்பாலும் பிக்மென்ட். மழைல ஹால் டிக்கெட் எடுத்துட்டுப் போற வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெருசு. போட்டோ பேப்பர்ல படம் எடுக்குறதுக்கு டை மை நல்லா இருக்கும், அதனால எது கெட்டதுன்னு இல்ல, உங்க வேலைக்கு எதுன்னு பாருங்க.

பாதி விலைல கிடைக்குற பேர் தெரியாத மையை வாரண்டி காலத்துல ஊத்தாதீங்க. ஒரிஜினல் பாட்டிலே பக்கத்துக்கு பைசா கணக்குலதான வருது, அதுல மிச்சம் புடிச்சு ஹெட்டைக் கெடுத்துக்கிட்டா மிஷின் விலைல பெரும் பங்கு போயிடும். கார்ட்ரிட்ஜ் மிஷின்ல வேற மாதிரி சிக்கல், எச்பில டைனமிக் செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்கு, எச்பி சிப் இல்லாத கார்ட்ரிட்ஜை மிஷினே தடுத்துடலாம், இன்னிக்கு ஓடுனது அப்டேட்டுக்கு அப்புறம் ஓடாமப் போகலாம். வாரண்டிலயும் நல்லா படிங்க, ஒரு வருஷம் இல்லைன்னா 30,000 பக்கம், எது முதல்ல வருதோன்னு போட்டிருப்பாங்க. சர்வீஸ் வீட்டுக்கு வருமா நாம தூக்கிட்டுப் போகணுமான்னும் பாருங்க. சென்னை, கோயம்புத்தூர்ல ரெண்டுமே சுலபம், சின்ன ஊர்ல இருக்கீங்கன்னா பக்கத்து டவுன்ல எந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கோ அந்த கம்பெனி மிஷினே நல்லது, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஒருவேளை தூக்கிட்டுப் போக வேண்டி வந்தா டேங்க் மிஷினை சாய்க்காதீங்க, பைக்ல பில்லியன்ல வச்சு சாய்ச்சு எடுத்துட்டுப் போனா மை உள்ளயே கொட்டும்.

பேப்பரோட கனம் 70 இல்லைன்னா 75 ஜிஎஸ்எம் இருந்தா போதும், கரூர் காகிதபுரத்துல கரும்புச் சக்கைலேந்து செய்யுற டிஎன்பிஎல் பேப்பரே வீட்டு வேலைக்கு நல்லா ஓடும். மழைக்காலத்துல பேப்பர் கட்டைப் பிரிச்சு அப்படியே திறந்து போட்டு வைக்காதீங்க, ஈரம் ஏறுன தாள்தான் உள்ள சிக்குறது.

ஆன்லைன்ல வாங்குனீங்கன்னா மை ஊத்துறதுக்கு முன்னாடியே பெட்டில இருக்குற மாடல் நம்பர் நீங்க கேட்டதுதானான்னு பாத்துடுங்க, ஊத்திட்டா திருப்பி அனுப்புறது ரொம்ப கஷ்டம். வந்த அன்னிக்கே நாசில் செக், கலர் பிரிண்ட், ஸ்கேன், காப்பி, போன்லேந்து பிரிண்ட் அஞ்சையும் பண்ணிப் பாத்துட்டு, பில்லோட போட்டோவை உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சிடுங்க, கடைல கொடுக்குற பில் வெப்பத்துல அச்சாகுற தாள்னா ஒரு வருஷத்துக்குள்ள எழுத்தே மங்கிடும்.